நகர வெப்ப வழங்கலில் வெப்ப எக்கிகள்

நகர வெப்ப வழங்கல் என்பது, குளிர்நாட்டு நகரங்களில் வீடுதோறும் தனித்தனியே எரிபொருளை எரிக்காமல், சில பெரிய நிலையங்களில் நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்கள் வழியே கட்டடங்களுக்கு அனுப்பும் முறை ஆகும். சூட்டை இழந்த நீர் இணைக்குழாய் வழியே நிலையத்துக்குத் திரும்பும். இந்நீரைச் சூடாக்க நெடுங்காலமாக நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியனவே பெரிதும் எரிக்கப்பட்டன. இதனால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, கடல்நீர், கழிவுநீர் முதலியவற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் துணைகொண்டு பெறும் வெப்ப எக்கி ஆகும். இதனை வெப்பப் பம்பு என்றும் அழைப்பர்.

இயங்கும் விதம்

வெப்பம் இயல்பாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். அதனை எதிர்த்திசையில் செலுத்த ஆற்றலைச் செலவிட வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டி செய்வது இதுவே. பெட்டியின் உள்ளிருந்த வெப்பம் வெளியேற்றப்படுவதால்தான் அதன் பின்புறம் சூடாக இருக்கிறது. வெப்ப எக்கியில் அந்தச் சூடே விளைபொருள். தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் நீர்மம் ஒன்று கடல்நீரின் வெப்பத்தைப் பெற்று ஆவியாகிறது. அவ்வாவியை அமுக்கியால் அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. பின் குழாய்நீருக்கு வெப்பத்தை அளித்து மீண்டும் நீர்மமாகிறது.

பனிக்காலக் கடலில் வெப்பம் ஏது என்ற ஐயம் எழலாம். 3 பாகை செல்சியசு என்பது ஏறத்தாழ 276 கெல்வின் ஆகும். எனவே அந்நீரிலும் எடுக்கக்கூடிய வெப்பம் நிறையவே உண்டு. 10 பாகை நீரிலிருந்து 80 பாகைக்கு வெப்பத்தை உயர்த்தினால், ஓர் அலகு மின்சாரத்துக்குக் கோட்பாட்டளவில் 5 அலகு வெப்பம் கிடைக்கலாம். நடைமுறையில் 3 அலகு அளவில் கிடைக்கும். உயர்த்த வேண்டிய வெப்பநிலை கூடக்கூட இவ்விகிதம் குறையும்.

வரலாறு

இத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852-இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) எடுத்துக்காட்டினார். 1938-இல் சூரிச் நகர மன்றக் கட்டடம் லிம்மாத் ஆற்றுநீரைக் கொண்டு சூடாக்கப்பட்டது. ஒரு நகரின் தேவைக்கேற்ற பெரிய எக்கிகள் 1980களில் சுவீடனில் நிறுவப்பட்டன. ஸ்டாக்ஹோமின் ரோப்ஸ்டென் பகுதியில் அன்று அமைக்கப்பட்ட 180 மெகாவாட் கடல்நீர் நிலையம் புகழ்பெற்றது. அக்காலத்தில் அவர்களைத் தூண்டியது பருவநிலைக் கவலை அன்று; எண்ணெய் நெருக்கடியும், அணு மின்நிலையங்களால் மிகுதியாகக் கிடைத்த மின்சாரமுமே ஆகும்.

ஹெல்சிங்கி

பின்லாந்தின் தலைநகரில் பெரும்பாலான கட்டடங்கள் நகர வெப்ப வலையமைப்பில் இணைந்துள்ளன. 2006-இல் அங்கே, கவிஞர் கத்ரி வாலாவின் பெயர் கொண்ட பூங்காவின் அடியில், பாறையைக் குடைந்து வெப்ப எக்கி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. மேலே மக்கள் உலவுகின்றனர். கீழே, சுத்திகரிக்கப்பட்டுக் கடலுக்குச் செல்லும் கழிவுநீரின் வெப்பம் பிரித்தெடுக்கப்படுகிறது. குளியலறையிலும் சமையலறையிலும் வீடுகள் வடித்துவிட்ட சூடே மீண்டும் அவ்வீடுகளுக்குத் திரும்புகிறது எனலாம். கோடையில் இதே பொறிகள் அலுவலகங்களுக்குக் குளிர்நீரையும் வழங்குகின்றன. அங்கிருந்து நீக்கிய வெப்பமும் வீணாவதில்லை. குளிக்கும் நீரைச் சூடாக்க அது பயன்படுகிறது.

நகரின் ஹனசாரி நிலக்கரி நிலையம் 2023-இலும், சல்மிசாரியில் நிலக்கரிப் பயன்பாடு 2025-இலும் முடிவுக்கு வந்தன. ஆயினும் நிலக்கரியின் இடத்தை வெப்ப எக்கிகள் மட்டுமே நிரப்பின என்பது மிகையாகும். மரத்துண்டுகளை எரிக்கும் நிலையங்களும் மின் கொதிகலன்களும் அதில் கணிசமான பங்கு வகிக்கின்றன.

எஸ்பியர்

டென்மார்க்கின் துறைமுக நகரான எஸ்பியரில் நிலக்கரி நிலையம் 2024-இல் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக அமைந்தவற்றுள் முதன்மையானது 70 மெகாவாட் கடல்நீர் எக்கி நிலையம். அருகிலுள்ள வாடன் கடல் யுனெசுக்கோ உலக மரபுக் களம் ஆதலால், கசிந்தாலும் கடலுக்குத் தீங்கு குறைவான சுழல்பொருள் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டது கார்பன் டை ஆக்சைடு! எந்த வளிமத்தைக் குறைக்க முயல்கிறோமோ, அதுவே மூடிய குழாய்க்குள் இங்கு வேலை செய்கிறது. இதற்கு மாறாக, பரவலாகப் பயன்பட்டுவந்த ஆர்-134ஏ கசிந்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும்.

வரம்புகள்

வெப்ப எக்கியின் தூய்மை அதற்கு வரும் மின்சாரத்தின் தூய்மையே ஆகும். நிலக்கரியில் நூற்றுக்கு 40 பங்கு மட்டுமே மின்சாரமாக மாறுகிறது எனக் கொண்டால், மும்மடங்கு வெப்பம் தரும் எக்கியும் 100 அலகு நிலக்கரிக்கு 120 அலகு வெப்பமே தரும். நல்ல கொதிகலன் 90 அலகு தரக்கூடும். இவ்வளவு சிறு வேறுபாட்டுக்காகப் பெரும் முதலீடு செய்வதில் பயன் அதிகமில்லை. நீர், காற்று, அணு மின்சாரம் மிகுந்த நாடுகளிலேயே இம்முறையின் பயன் முழுமையாகக் கிட்டும்.

மற்றொரு சிக்கல் கடுங்குளிர் நாட்களில் எழுகிறது. மூடப்பட்ட நிலையங்கள் பல, வெப்பத்தோடு மின்சாரத்தையும் ஆக்கியவை. அவற்றை நீக்கி எக்கிகளை வைக்கும்போது மின்னாக்கம் குறைகிறது, மின் தேவையோ கூடுகிறது. மேலும் அந்நாட்களில் பழைய வலையமைப்புகளுக்கு 100 பாகைக்கு மேற்பட்ட நீர் தேவைப்படலாம். வழக்கமான எக்கிகள் அவ்வளவு உயர்த்துவது கடினம். எனவே இறுதிச் சூட்டைக் கொதிகலன்களே ஏற்றுகின்றன. கட்டடங்களின் சுவர், சன்னல்களைச் செப்பனிட்டு வெப்ப இழப்பைத் தடுத்தால் 60 பாகை நீரே போதுமானதாகலாம். ஆனால் நிலையம் ஒன்றைச் சில ஆண்டுகளில் கட்டிவிடலாம். ஒரு நகரின் அத்தனை வீடுகளையும் செப்பனிடப் பல பத்தாண்டுகள் ஆகும்.