ஆலோசகரின் கோப்பும் லயத்துப் பெட்டியும்

அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் உள்நாட்டுக் கொள்கை ஆலோசகராக இருந்தவர் ஸ்டூவர்ட் ஐசன்ஸ்டாட். 1977 முதல் 1981 வரை அவர் மேசையைக் கடந்த கோப்புகள் அட்லாண்டாவிலுள்ள கார்ட்டர் நூலகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கலாம். நம் நாட்டிலும் முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆவணங்களைப் பேணும் நிலையம் ஒன்று கொழும்பில் உண்டு.

பதுளைத் தோட்டங்களுக்கும் இப்படியான கோப்புகளுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது, நேயர்களே! தோட்ட மக்களின் தலைவிதியை எழுதியதும் அரச கோப்புகள்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று எழுதிவைத்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. பசறையிலும் ஹப்புத்தளையிலும் கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியவை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள்.

அந்த வரலாற்றின் மறுபாதி கொழும்பில் இல்லை. லயத்துத் தகரப் பெட்டிகளில் கிடக்கிறது. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரமோ பழைய கடவுச்சீட்டோ வீட்டில் இருந்தால் கறையானுக்கு விடாமல், இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.