அரை ஏர் கணக்கு

1980 வரை கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களில் நிலக்கணக்கு கிராமக் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கையில் இருந்தது. அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண்ணைத் தட்டினால் பட்டா கைப்பேசியில் விழுகிறது. தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் கணினிக்கு ஏறிய கணக்கு கர்ணம் எழுதியதல்ல. நடுவே 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. உண்மையான தரவு இடமாற்றம் அதுதான். ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் ஆனது. ஒரு ஏக்கர் 40.47 ஏர், பதிவேட்டில் பெரும்பாலும் அரை ஏருக்குக் கீழே எழுதுவதில்லை என்பதால் அது 40.5 ஆகும். அரை ஏர் 50 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. மானாவாரிக் காட்டில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயலில் வரப்புத் தகராறுக்கு இதுவே போதும். இதைவிடக் கொடுமை, பெயர் மாறிப்போனதும் உட்பிரிவு தவறியதும். கணினி அதைத் திருத்தவில்லை, அச்சடித்துத் தந்தது. 'யு.டி.ஆர். பிழை' என்ற மனு இன்றும் ஓயவில்லை.

கணினியில் தமிழ் எழுத்திலும் ஒரு இடமாற்றம் நடந்தது. 1999 இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு எழுத்துருக் குறியீட்டு முறைகளை ஏற்றது: ஒன்று தமிழுக்கு மட்டும், மற்றது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பெயர் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 2010 இல் யூனிகோடுக்கு மாற அரசு ஆணையிட்டது. சரியான முடிவு, இன்னும் முன்பே எடுத்திருக்கலாம்.

யு.டி.ஆருக்கு முந்தைய பழைய கணக்கை ஸ்கேன் செய்து, இணையப் பட்டாவின் பக்கத்திலேயே எல்லா ஊருக்கும் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, நிலம் வாங்குபவர் இணையப் பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. போடி போன்ற ஜமீன் பகுதி என்றால் எஸ்.எல்.ஆர். (நிலவரித்திட்டப் பதிவேடு), ரயத்துவாரி ஊர் என்றால் ஆர்.எஸ்.ஆர். (மறு நிலவரித்திட்டப் பதிவேடு) நகல் கேட்டு வாங்கி, சர்வே எண்ணையும் பரப்பையும் வரிவரியாக ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.