முத்திரை யார் கையில்?

சீனாவுக்குள் வந்த வெளிநாட்டு நேரடி முதலீடு 2021-இல் 34,000 கோடி டாலரைத் தாண்டியது. 2023-இல் வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வர்த்தகப் போர், உளவுத் தடுப்புச் சட்டத் திருத்தம், வீட்டுமனைச் சரிவு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். எனக்கு அவற்றைவிட அச்சம் தருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள்: நிறுவனத்தின் சிவப்பு மை முத்திரை.

ஹாங்காங், சிங்கப்பூர் வணிகர்கள் இதைச் ‘சாப்’ என்பார்கள். நம் பழைய பேச்சில் ‘சாப்பா’ என்று புழங்கியதும் இதே சொல்தான். நம் ஊரில் கையெழுத்துக்குத் துணையாக வருவது முத்திரை. சீனாவில் முத்திரைதான் முதலாளி. காவல் துறையில் பதிவான அது ஒப்பந்தத்தில் விழுந்துவிட்டால், நிறுவனமே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். வெளிநாட்டு முதலீட்டாளர் ஷென்ஜெனில் ஆலை தொடங்குகிறார். மொழி தெரியாது. உள்ளூர் மேலாளரை, நிறுவனத்தின் பெயரில் செயல்படும் சட்டப் பிரதிநிதியாக்கி, முத்திரைகளையும் உரிமச் சான்றிதழையும் அவரிடமே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார். நாலு வருடம் கழித்துக் கணக்கில் சந்தேகம். இயக்குநர் குழு கூடி மேலாளரை நீக்குகிறது. அவர் முத்திரையைத் தர மறுக்கிறார். வங்கிக்குப் போனால் முத்திரை எங்கே என்கிறார்கள். புதுப் பிரதிநிதியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலும் அதே முத்திரைதான் விழ வேண்டும். தொலைந்துபோனதாக எழுதிக் கொடுக்கலாமென்றால், அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நூறு சதப் பங்கு இருந்தும் முதலீட்டாளர் சொந்த ஆலை வாசலில் நிற்கிறார்.

அதற்கப்புறம் நீதிமன்றம். சான்றிதழையும் முத்திரையையும் மீட்பதற்கென்றே அங்கே தனி வழக்கு வகை வைத்திருக்கிறார்கள் என்றால், இந்தச் சிக்கல் எவ்வளவு சகஜம் என்று பாருங்கள். முத்திரையை மட்டும் பார்க்காமல், அதைக் குத்தியவருக்கு அதிகாரம் இருந்ததா என்று பார்க்கும்படி 2019 நவம்பரில் நீதிபதிகளுக்கு வழிகாட்டுதல் வந்தது. நல்லதுதான். ஆனால் தீர்ப்பு வரும்வரை சரக்குக் கொடுத்தவரும் சம்பளக்காரரும் காத்திருப்பார்களா?

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் போகிறார்கள் என்று கேட்டால், துறைமுகம், உதிரிபாகம், தேர்ந்த தொழிலாளர் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும் இடம் வேறில்லை என்று அங்கே வேரூன்றியவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

‘நானே சட்டப் பிரதிநிதி ஆகிவிடுகிறேன்’ என்பவருக்கும் நிம்மதியில்லை. நிறுவனத்தின் மீது கடன் வழக்கு தீராமல் கிடந்தால், அவர் நாட்டைவிட்டு வெளியேற நீதிமன்றம் தடை போட முடியும். விஷயம் தெரிவது சிலருக்கு விமான நிலையக் குடியேற்ற வரிசையில்தான்.

பங்கு விகிதத்துக்காக மாதக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், முத்திரை யார் மேசையில் இருக்கும் என்று ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை. பட்டுத் தெரிந்தவர்கள் நிறுவன முத்திரையை ஒருவரிடமும் நிதி முத்திரையை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒவ்வொரு முறை குத்தும்போதும் தேதி, தாளின் விவரம், கேட்டவர் பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகல் அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.