கழிவுத் தேயிலையும் காந்தமும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் தூளைச் சலித்துத் தரம் பிரித்தபின் நாரும் காம்புத் துண்டும் மிஞ்சும். நல்ல தூளோடு கலந்துவிடாதபடி தேயிலைச் சபை கண்காணிக்கும் இந்தக் கழிவுத் தேயிலைக்கு, தண்ணீரிலுள்ள ஈயம், கட்மியம், நிக்கல் போன்ற பார உலோகங்களைப் பிடித்திழுக்கும் ஆற்றல் உண்டு.

இலையிலுள்ள செலுலோசு, லிக்னின், தனின் ஆகியவற்றின் ஐதரொட்சில், காபொட்சில் கூட்டங்கள் உலோக அயன்களைத் தம் மேற்பரப்பில் பற்றிக்கொள்கின்றன. கொதிநீரில் தேயிலை ஊறும்போதே இது நடக்கிறது. வழக்கமாக ஊற்றும் ஒரு கோப்பைத் தேநீர், நீரிலுள்ள ஈயத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை நீக்கும் என்று அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் மதிப்பிட்டார்கள்.

கழிவுத் தேயிலைத் தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவுக்கு அதன் பிடிப்பும் கூடும். ஆனால் நுண்தூளை நீரிலிருந்து மீட்பது பெரும்பாடு. அதற்குத்தான் காந்தம். இருவகை இரும்பு உப்புகள் கரைந்த நீரில் தூளைப் போட்டு அமோனியா சேர்த்தால், மேக்னடைட் என்னும் கரிய இரும்பொட்சைட்டு அதன்மேல் படியும். வேலை முடிந்ததும் வெளியிலிருந்து காந்தம் காட்டினால் போதும், தூள் ஒருபக்கமாகத் திரண்டுவிடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பன்னீர்செல்வமும் குழுவினரும் இப்படித்தான் தேயிலைக் கழிவைக் கொண்டு நிக்கலை நீக்கி, 2011இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

மலையகத்துக்கு இதில் தனி அக்கறை வேண்டும். லயங்களுக்கு ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் பீலி வழியாகவும் குழாய் வழியாகவும் தண்ணீர் வருகிறது. அதே சரிவுகளில்தான் தேயிலைக்கும் நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்கும் உரம் இடுகிறோம். பொசுபேற்று உரங்களில் இயல்பாகவே கட்மியம் கலந்திருக்கும். குடிநீரில் லீற்றருக்கு 3 மைக்ரோகிராம் கட்மியம், 10 மைக்ரோகிராம் ஈயம் என்பவையே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. இவ்வளவு சிறிய அளவை நாக்கோ கண்ணோ அறியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே முதலில் பீலித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குறை தெரிந்த இடத்தில் காந்தத் தூளைப் பரீட்சிக்கலாம். தூள் கிருமிகளைக் கொல்லாது. கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். உலோகம் ஏறிய தூளையும், மீண்டும் பயன்படுத்துவதற்காக அதை அமிலத்தால் கழுவிய நீரையும் மீண்டும் ஓடையில் விட்டால் செய்த வேலை வீண். அவற்றைச் சேர்த்துவைத்து அகற்றும் பொறுப்பையும் திட்டத்திலேயே எழுதவேண்டும்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மூலப்பொருள் ஒவ்வொரு ஸ்டோரிலும் கிடக்கிறது. கொழுந்து பறிப்பவரின் குடிநீருக்காக இம்மூன்றையும் ஒரு தோட்டத்திலாவது இணைத்துப் பார்ப்பது, தேயிலையால் வாழும் நாடு அவர்களுக்குச் செய்யவேண்டிய கடமை.