நாயகன் வீழ்ந்த வேளை

விளையாட்டு உடலுக்கு உரம் தரும், உள்ளத்திற்குப் பண்பு தரும் என்று பெரியோர் கூறுவர். ஆடுகிறவர்களுக்கு இது சரி. வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு? தாம் நேசிக்கும் ஆட்டக்காரர் அடிபட்டு விழும்போது ரசிகர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். 2014-ஆம் ஆண்டில் பிரேஸில் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பிரேஸில் மக்களுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 1958, 1962, 1970, 1994, 2002 என ஐந்து முறை உலகக் கோப்பையை வென்ற நாடு அது. ஆயினும் சொந்த மண்ணில் கோப்பையை ஏந்தும் பேறு அதற்குக் கிட்டவில்லை. 1950-இல் ரியோ டி ஜெனிரோ நகரில், இரண்டு லட்சம் பேர் அளவுக்குத் திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால், உருகுவே நாட்டிடம் 1-க்கு 2 என்ற கணக்கில் பிரேஸில் தோற்றது. அந்தத் தோல்விக்குக் கோல்காப்பாளர் பார்போஸாவே காரணம் என்று மக்கள் பழி சுமத்தினார்கள். 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பழி அவரை விடவில்லை. தம் நாட்டுச் சட்டப்படி மிகப் பெரிய தண்டனையே முப்பது ஆண்டுகள்தான், தாமோ அதற்கும் மேல் அனுபவித்துவிட்டோம் என்று அவர் வருந்திக் கூறியதுண்டு.

அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அந்நாட்டில் போட்டி நடந்தது. மக்களின் நம்பிக்கை முழுவதும் இருபத்திரண்டே வயதான நெய்மார் என்ற இளைஞரின் மேல் இருந்தது. ஒரு காலத்தில் பெலெ அணிந்த பத்தாம் எண் சட்டையை அணிந்து, முதற்சுற்றில் நான்கு கோல்கள் போட்டிருந்தார் அவர்.

ஜூலை 4-ஆம் நாள் ஃபோர்ட்டலேஸா நகரில் கால் இறுதி ஆட்டம் நடந்தது. எதிரணி கொலம்பியா. பிரேஸில் 2-க்கு 1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே. 88-ஆவது நிமிடத்தில் பந்துக்காகப் பின்னாலிருந்து எம்பிக் குதித்தார் கொலம்பியாவின் சூனிகா. அவருடைய முழங்கால் நெய்மாரின் முதுகில் பலமாக மோதியது. நெய்மார் அலறிக்கொண்டு தரையில் சாய்ந்தார். அவரைத் தூக்குப் படுக்கையில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அணி வென்றது, ஆனால் மகிழ்ச்சி மறைந்தது.

அவருக்கு நேர்ந்தது என்ன? நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. பல சிறு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தொடர் அது. இடுப்புப் பகுதியில் உள்ளவை ஐந்து. அவற்றுள் மூன்றாவது எலும்பு நெய்மாருக்கு முறிந்திருந்தது. முறிந்தது எலும்பின் நடுப்பாகம் அன்று; தசைகள் பற்றிக்கொள்வதற்காகப் பக்கவாட்டில் சிறகுபோல் நீண்டிருக்கும் பாகம். ஆகவே அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை, ஓய்வே மருந்தாயிற்று. ஆனால் எலும்புக்கு நடுவே உள்ள குழாய் வழியாகத்தான் தண்டுவடத்தின் நரம்புகள் செல்கின்றன. கால்களை இயக்கும் நரம்புகள் அதிலிருந்தே வருகின்றன. அடி இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே பட்டிருந்தால் தாம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்க நேரிட்டிருக்கும் என்று நெய்மாரே பின்னர்க் கண்ணீருடன் சொன்னார்.

செய்தி பரவியதும் நாடே கலங்கியது. மருத்துவமனை வாசலில் மக்கள் கூடினார்கள். அவர் விரைவில் குணமடைய வேண்டுமென்று வாழ்த்துகள் குவிந்தன. முன்பின் அறியாத ஓர் இளைஞனுக்காக இத்தனை பேர் அழுவானேன்? ரசிகன் தன் அணியைத் தன்னில் ஒரு பகுதியாகவே எண்ணுகிறான். அணி வென்றால், "நாம் வென்றோம்" என்கிறான். பந்தை ஒரு முறைகூடத் தொடாதவனும் அப்படித்தான் சொல்கிறான். ஆதலால் நாயகனுக்கு விழும் அடி அவனுக்கும் வலிக்கிறது. இதில் தவறேதும் இல்லை. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணும் குணம் நல்ல குணமே.

ஆனால் அந்தத் துயரம் அத்தோடு நிற்கவில்லை. துயரம் எப்போதும் பழி சுமத்த ஓர் ஆளைத் தேடும். இங்கே ஆள் கண்ணெதிரே இருந்தார். சமூக வலைத்தளங்களில் சூனிகாவின்மேல் வசைமாரி பொழிந்தது. அவருடைய கறுப்பு நிறத்தைச் சொல்லி இழித்துப் பேசினார்கள். கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். அவருடைய சிறு மகளைக்கூட விட்டுவைக்கவில்லை. தந்தை பந்துக்காகக் குதித்ததில் அந்தக் குழந்தையின் குற்றம் என்ன? "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது எத்தனை உண்மை!

இத்தகைய மிரட்டலைக் கொலம்பிய மக்கள் விளையாட்டாக எண்ண முடியாது. 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அந்நாட்டு வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தம் அணியின் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். பத்து நாட்களுக்குப் பின் மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சூனிகாவின் குடும்பத்தாருக்கு அந்த நினைவு வராமல் இருந்திருக்குமா?

உண்மையில் அன்றைய ஆட்டம் தொடக்கத்திலிருந்தே முரட்டு ஆட்டமாக இருந்தது. மொத்தம் 54 முறைகேடுகள் நடந்தன. அந்தப் போட்டித் தொடரில் வேறெந்த ஆட்டத்திலும் அத்தனை இல்லை. அவற்றுள் 31 பிரேஸில் வீரர்கள் செய்தவை! கொலம்பியர் செய்தவை 23. சினத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படவில்லை. நடுவர் சூனிகாவுக்கு எச்சரிக்கை அட்டை எதுவும் காட்டவில்லை. பின்னர் ஃபிஃபா அமைப்பும் அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. வேண்டுமென்று அடிக்கவில்லை என்று கூறிய சூனிகா, வருத்தம் தெரிவித்து நெய்மாருக்குக் கடிதமும் எழுதினார்.

ஜூலை 8-ஆம் நாள் பெலோ ஹொரிஸோன்ட்டே நகரில் ஜெர்மனியுடன் அரை இறுதி ஆட்டம். ரசிகர் பலர் நெய்மாரின் முகமூடியை அணிந்து வந்திருந்தனர். தேசிய கீதம் இசைத்தபோது வீரர்கள் அவருடைய சட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தார்கள். உருக்கமான காட்சிதான். ஆனால் ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்திற்குள் ஜெர்மனி ஐந்து கோல்கள் போட்டுவிட்டது. முடிவு 1-க்கு 7. நெய்மார் இல்லாதது மட்டும் இதற்குக் காரணமன்று. அணித் தலைவர் தியாகோ சில்வாவும் அன்று ஆட முடியவில்லை. ஆயினும் அந்தத் துயரத்திலும் ஒரு நல்ல காட்சி உண்டு. ஜெர்மனியின் ஏழாவது கோலின் அழகைக் கண்டு, பிரேஸில் ரசிகர்களே பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதற்கு முன்னும் பிரேஸில் தன் நாயகனை இழந்ததுண்டு. 1962-இல் சிலி நாட்டில், செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஆடியபோது பெலெயின் தொடைத் தசை பிசகியது. அடிபட்டவருக்குப் பதிலாக மற்றொருவரை இறக்கும் வழக்கம் அன்று இல்லை. ஆகவே பெலெ நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். எதிரணியின் மசோபுஸ்ட்டும் அவருடைய தோழர்களும் அவரை முட்டிப் பந்தைப் பறிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பெலெ நெடுங்காலம் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவருடைய இடத்தில் ஆடிய அமாரில்டோ, அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். அதே செக்கோஸ்லோவாக்கியாவை இறுதி ஆட்டத்தில் 3-க்கு 1 என்று வென்று பிரேஸில் கோப்பையைப் பெற்றது. ஒருவர் வீழ்ந்தால் மற்றொருவர் எழுவார் என்பதற்கு இது சான்று.

நெய்மாரின் கதை எப்படி முடிந்தது? சூனிகா தம்மைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டதாகவும், அவர்மேல் தமக்குப் பகையோ வெறுப்போ இல்லை என்றும் நெய்மார் சில நாட்களிலேயே அறிவித்தார். செப்டம்பர் 5-ஆம் நாள் மியாமி நகரில் இரு நாடுகளும் மீண்டும் சந்தித்தன. பிரேஸில் அணியின் தலைவர் நெய்மார், எதிரே சூனிகா. இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். பின்னர் நெய்மார் போட்ட ஒரே கோலால் பிரேஸில் வென்றது.

தோழியரே, வலி முழுவதையும் தாங்கியவர் நெய்மார், அவர் மன்னித்தார். வலி சிறிதும் படாதவர்களோ ஒரு குழந்தையையும் பழித்தார்கள். இது சிந்திக்கத்தக்கது அல்லவா? நம் பள்ளி எறிபந்து மைதானத்திலும் அடிபடுவது உண்டு; நம் அணியின் சிறந்த வீராங்கனை அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாமற் போவதும் உண்டு. அப்போது அழுவோம், அவளுக்குத் தோள் கொடுப்போம், அவள் இடத்தில் ஆடப்போகும் சிறுமியை உற்சாகப்படுத்துவோம். கூடவே, அறியாமல் இடித்துவிட்டு மைதானத்தின் மறுபுறம் கலங்கி நிற்கிறாளே மற்றொரு பெண், அவளிடமும் சென்று ஒரு நல்ல வார்த்தை சொல்வோம்.