நச்சு நீக்கிய காட்டாமணக்குப் புண்ணாக்கு

மீன் தீவனத்தில் விலை கூடிய பொருள் மீன்தூள். அதற்கு மாற்றாக ஆராயப்பட்ட தாவரப் புரதங்களுள் காட்டாமணக்குப் புண்ணாக்கும் ஒன்று. பயோடீசலுக்காக எண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது இது. ஓடு நீக்கிய பருப்பிலிருந்து கிடைக்கும் புண்ணாக்கில் சுமார் 60 விழுக்காடு புரதம் உண்டு. சோயாப் புண்ணாக்கில் 45 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

ஆனால் ஆடுகூடக் கடிக்காது என்பதால் வேலிக்கு நடப்படும் செடி இது. விதையிலுள்ள டிரிப்சின் தடுப்பான், லெக்டின் ஆகியவை ஈரச்சூட்டில் வேகவைத்தால் செயலிழந்துவிடும். போர்பால் எஸ்டர் என்னும் முதன்மை நச்சு அப்படியல்ல. எவ்வளவு வேகவைத்தாலும் பெரும்பகுதி தங்கிவிடும். வீட்டில் அவித்துக் குளத்தில் போடுவது ஆபத்தாவது இதனால்தான். கெண்டை மீனுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 15 மில்லிகிராம் போர்பால் எஸ்டர் இருந்தாலே பாதிப்பு தொடங்குவதாக ஆய்வில் கண்டறியப்பட்டது. மீன் தீவனத்தை ஒதுக்கும், வளர்ச்சியும் குறையும்.

ஜெர்மனியின் ஹோஹன்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் ஹரிந்தர் மக்கார், கிளாஸ் பெக்கர் ஆகியோர் கரைப்பானும் காரமும் கொண்டு இந்நச்சைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கினர். அவ்வாறு நச்சு நீக்கிய புண்ணாக்கைச் சாதாக் கெண்டைக்குக் கொடுத்தபோது, மீன்தூள் புரதத்தில் பாதியை மாற்றியும் வளர்ச்சி குன்றவில்லை. முக்கால் பங்கை மாற்றியபோது குறைந்தது.

நச்சு போனாலும் வேலை முடிவதில்லை. இதில் லைசின் குறைவு, பைட்டேட் மிகுதி. எனவே சோதனைத் தீவனத்தில் லைசினும் பைட்டேஸ் நொதியும் சேர்க்கப்பட்டன. நச்சு முழுதும் நீங்கியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே தீவனத்தில் கலக்க வேண்டும்.