தீபாவளிச் சரக்கும் கடல் ஏற்றமும்

மழைக்காலத்தில் வானத்தைப் பார்க்கும் நாம், காலண்டரில் திதியையும் பார்ப்பது நல்லது. நமது கரையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி. அந்நேரம் கெடிலம், கூவம், அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் வெள்ளம் எளிதில் வடியாது. புயல் காற்றும் கடலைக் கரைப்பக்கம் தள்ளினால் தேக்கம் கூடும். மழை விட்டாலும் கடல் இறங்கிய பிறகே தண்ணீர் நன்கு வடியும்.

2024 நவம்பர் 30 இரவு, அமாவாசை வேளையில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர, தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகள் மூழ்கின.

தீபாவளியும் ஐப்பசி அமாவாசையை ஒட்டியே வருகிறது. நமது கிடங்குகள் நிரம்பியிருக்கும் சமயமும் அதுவே. ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோம்.

சர்க்கரை, மைதா, பருப்பு மூட்டைகளைத் தரையில் போடாமல் உயரமான மரச்சட்டங்களின் மேல் அடுக்குவோம்.

மழை எச்சரிக்கை வந்தால், அடுத்த ஏற்றத்துக்கு முன்பே சரக்கை மேலேற்றுவோம். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் வெள்ளம் அடங்குகிறதா, பண்டிகைச் சரக்கின் முழு மதிப்புக்கும் எடுத்திருக்கிறோமா என்று முன்கூட்டியே சரிபார்ப்போம். குறைந்த தொகைக்கு எடுத்திருந்தால் நஷ்டஈடும் குறையக்கூடும்.